சிறப்புப் பட்டப் படிப்பில் ஆசிரியரின் பங்கு

பல்கலைக் கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையின்படி, மூன்றாண்டுகளில் 120 கிரெடிட் பெறும் மாணவர் பட்டதாரி ஆகிறார். நான்காம் ஆண்டையும் முடித்து 160 கிரெடிட் பெறுபவர் ‘ஆனர்ஸ்’ எனப்படும் சிறப்புப் பட்டத்திற்கு உரியவர் ஆகிறார். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்றவர்கள் விரும்பினால் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியை மேற்கொள்ளலாம். அவர்கள் எழுதும் ஆய்வேட்டிற்கு மட்டும் 12 கிரெடிட் உண்டு. விரிவுரையாயின் 15 மணி நேர வகுப்பு, செய்முறையாயின் 30 மணி நேரப் பயிற்சி ஒரு கிரெடிட் எனக் கணக்கிடப்படுகிறது.

இந்த நான்காம் ஆண்டு, மாணவரின் குடும்பத்திற்குச் செலவில்லாமல் வருவதன்று. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் முதுகலைப் படிப்பை ஓராண்டில் முடிக்கலாம். ஆகவே மேற்படிப்பை நாடுவோருக்கு மொத்தக் காலம் முன்போல் ஐந்தாண்டுகளே. ஆனால் பட்டத்துடன் படிப்பை நிறுத்தி வேலை தேட வேண்டிய நிலையிலுள்ள மாணவருக்கு, நான்காம் ஆண்டு என்பது ஓராண்டு வருமானத்தை இழப்பதோடு விடுதிக் கட்டணத்தையும் செலுத்துவதாகும். அந்த ஓராண்டில் அவர் உண்மையில் எதைப் பெறுகிறார் என்ற கேள்விக்குக் கிரெடிட் கணக்கு விடை தராது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரும், அவர் வகுத்த பாடமுமே விடை தர வேண்டும்.

பழைய மரபு

சிறப்புப் படிப்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917-இல் அமைக்கப்பட்டு 1919-இல் அறிக்கை அளித்த கல்கத்தாப் பல்கலைக் கழக ஆணையம், இடைநிலைப் படிப்பிற்குப் பின் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு வேண்டும் என்றும், திறன் மிக்க மாணவர்களுக்குப் பொதுப் படிப்பினின்று வேறுபட்ட சிறப்புப் படிப்பு இருத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1922-இல் நிறுவப்பட்ட தில்லிப் பல்கலைக் கழகத்தில், துணைவேந்தர் சர் மாரிஸ் குவயரின் காலத்தில், 1943-இல் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்தது. அப்பல்கலைக் கழகத்தின் சிறப்புப் படிப்புகள் நாடெங்கிலுமிருந்து மாணவரை ஈர்க்கும் நிலையை அடைந்தமைக்கு இதுவே அடித்தளம் எனலாம்.

சிறப்புப் படிப்பின் உட்பொருள் யாது என்பதை விளக்கச் சென்னை மாநிலக் கல்லூரியின் ஓர் உதாரணம் போதும். அங்கு இயற்பியல் சிறப்புப் படிப்பு மாணவராக இருந்த எஸ். சந்திரசேகர், ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு அணு அமைப்புப் பற்றி எழுதிய நூலைத் தாமாகவே கற்றுத் தேர்ந்திருந்தார். 1928-இல் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது மாணவர் அவரை நேரில் கண்டார். அந்நூல் எழுதப்பட்ட பின் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்று நூலாசிரியரே அவரிடம் எடுத்துரைத்து, அச்சேறாத தம் புதிய கட்டுரையின் படியையும் தந்தார். மறு ஆண்டே அந்த மாணவரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம் பெற்றது. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற மேதை ஒருவரை வைத்துப் பொது விதி வகுக்க இயலாதுதான். எனினும், கற்கும் பாடம் காலத்தால் பின்தங்கிவிட்டது என்பதை மாணவருக்குச் சொல்ல, அத்துறையில் தாமே உழைக்கும் ஒருவர் தேவை என்பது சாதாரண மாணவருக்கும் பொருந்தும்.

பாடம் உருவாகும் முறை

இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக் கழகத்தில் ஒரு பாடம் பல படிகளைக் கடந்தே மாணவரை அடைகிறது. தில்லியில் அதனைத் துறையின் பாடக் குழு வரைவாக்குகிறது. பின்னர் அது புலத்தின் ஒப்புதலைப் பெற்றுக் கல்விக் குழுவிற்கும், இறுதியாக ஆட்சிக் குழுவிற்கும் செல்கிறது. இளநிலைப் படிப்புகளுக்கான பாடக் குழுவில் கல்லூரி ஆசிரியர்களும் இடம் பெறுகின்றனர். இது வெறும் சம்பிரதாயமாக இருந்துவிடக் கூடாது. ஏனெனில் பல்கலைக் கழகத் துறையின் பேராசிரியர்கள் பெரும்பாலும் முதுகலை வகுப்புகளையே நடத்துகின்றனர். இளநிலை மாணவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைக் கல்லூரி ஆசிரியரே அறிவார்.

பொருளாதாரச் சிறப்புப் படிப்பை எடுத்துக்கொள்வோம். பொருளாதார அளவையியல் என்னும் பாடத்தில் மாணவர் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒரு தொடர்பை மதிப்பிடக் கற்கிறார். அதற்கு நிகழ்தகவும் மாதிரிக் கணிப்பும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவற்றிற்குக் கணித முறைகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றைப் பருவ எண்ணிக்கையின் நெருக்கடியால் இடம் மாற்றினால், மாணவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதித் தேறிவிடுவார். பாடம் மட்டும் அவரை அடையாது. ஒவ்வொரு பாடமும் தனித்தனியே பார்க்கும்போது குறைவற்றதாகத் தோன்றும். குறை வரிசையில்தான் இருக்கும். அதைக் கண்டறிய, இரண்டு மூன்று பருவங்களிலும் பாடம் நடத்திய ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும்.

இந்தியப் பொருளாதாரம் பற்றிய பாடத்தின் நிலை இன்னும் கடினமானது. 2015 ஜனவரியில் திட்டக் குழுவின் இடத்தில் நிதி ஆயோக் அமைக்கப்பட்டது. அதே மாதம் நாட்டு வருமானக் கணக்கு 2011-12 அடிப்படை ஆண்டுக்கு மாற்றப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தது. இவை ஒவ்வொன்றும் பாட நூலின் சில அத்தியாயங்களைப் பழையனவாக்கின. பழைய தொடரின் வளர்ச்சி விகிதத்தையும் புதிய தொடரின் விகிதத்தையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது என்பதைச் சுட்டிக் காட்டாமல் நடத்தும் வகுப்பு, மாணவரைத் தவறான முடிவிற்கே இட்டுச் செல்லும். அதிகாரபூர்வமான திருத்தம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே வருகிறது. இடைப்பட்ட காலத்தில் வாசிப்புப் பட்டியலைப் புதுப்பித்து வகுப்பைக் காப்பாற்றுபவர் ஆசிரியரே. இந்தப் பணி எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை.

விரைவின் விளைவு

ஆசிரியரின் ஈடுபாட்டைத் திரட்டாமல் அமைப்பை மாற்றினால் என்ன நேரும் என்பதற்குத் தில்லியிலேயே சான்று உண்டு. 2012 டிசம்பரில் அங்குள்ள கல்விக் குழு நான்காண்டு இளநிலைப் படிப்பிற்கு ஒப்புதல் அளித்தது. 2013 ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. இடையில் இருந்தவை ஏழு மாதங்கள். அக்காலத்திற்குள் எல்லா மாணவருக்கும் பொதுவான பதினொரு அடிப்படைப் பாடங்களும், துறைதோறும் புதிய பாடங்களும் எழுதப்பட வேண்டியிருந்தன. போதிய கலந்தாலோசனை இன்றிப் பாடங்கள் அவசரமாக வரையப்பட்டன என்று ஆசிரியர் தரப்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2014 ஜூனில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஓராண்டு படித்து முடித்த மாணவர்கள் மூன்றாண்டுப் படிப்பிற்கு மாற்றப்பட்டனர். அத்திட்டத்தின் சில கருத்துகள், குறிப்பாக நான்காம் ஆண்டு ஆய்வும் இடையில் சான்று பெற்று விலகும் வாய்ப்பும், 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையில் மீண்டும் இடம் பெற்றன. ஆகவே அன்று குறைவாக இருந்தது கருத்தன்று, அவகாசமே என்று கருத இடமுண்டு.

நேரமும் மதிப்பும்

மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரத்தில் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தலாக நிர்ணயித்தன. ஐந்து ஆசிரியர்கள் உள்ள ஒரு துறையைக் கற்பனை செய்து கொள்ளலாம். நான்காம் ஆண்டில் 20 மாணவர்கள் ஆய்வேடு எழுத முன்வருகின்றனர். ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேர வழிகாட்டுதல் என்றாலும் ஆசிரியருக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. அது 16 மணி நேரத்தினுள் அடங்குமா, வெளியே நிற்குமா என்பதே துறைத் தலைவரின் முன்னுள்ள நடைமுறைக் கேள்வி. வெளியே நின்றால் அந்த வழிகாட்டுதல் கையொப்பமிடுவதாகக் குறுகிவிடும். உள்ளே அடங்க வேண்டுமானால் கூடுதல் ஆசிரியர் தேவை. அதற்குப் பணியிடமும் நிதியும் தேவை.

பதவி உயர்வுக்கான கணக்கும் நோக்கத்தக்கது. அதே 2018 விதிமுறைகளின் மதிப்பீட்டு அட்டவணையில், அங்கீகரிக்கப்பட்ட இதழில் வெளியாகும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 புள்ளிகளும், கலை, வணிகவியல் உள்ளிட்ட துறைகளில் 10 புள்ளிகளும் தரப்பட்டன. ஒரு புதிய பாடத்தை வடிவமைப்பதற்கு 2 புள்ளிகள். ஒரு பருவம் முழுவதற்குமான வாசிப்பு, பயிற்சிக் கணக்குகள், வினாக்கள் ஆகியவற்றை முறையாக உருவாக்க ஒரு கோடை விடுமுறை முழுவதும் தேவைப்படும். இளம் ஆசிரியர் ஒருவர் அந்த விடுமுறையில் கட்டுரை எழுதுவதையே தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. விதியை வகுத்தவர்களே அந்த வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

பணி நிலையும் இதனுடன் பிணைந்தது. தில்லிக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் பெருந்தொகையான ஆசிரியர்கள் ஒரு முறைக்கு நான்கு மாதம் என்னும் தற்காலிக நியமனத்திலேயே பணியாற்றினர். அடுத்த பருவத்தில் தாம் இருப்போமா என்று அறியாதவர், மூன்றாண்டுகளுக்குப் பின் பயன் தரும் பாடத் திருத்தத்தில் மனம் செலுத்துவது அரிது. 2022 முதல் நிரந்தர நியமனங்கள் பெரிய அளவில் நடைபெற்றமை இவ்வகையில் முக்கியமானது.

கல்லூரிக்கே உரிமை

1964-66 ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி ஆணையம் சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978-இல் தமிழ்நாட்டில் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன. தன்னாட்சியின் சாரம் எளியது. பாடம் நடத்துபவரே பாடத்தை வகுக்கிறார், வினாத் தாளையும் அமைக்கிறார். குறையைக் கண்ட ஆசிரியர் மறு ஆண்டே அதைத் திருத்த இயலுகிறது. இதற்கு மாறாக, பல கல்லூரிகளுக்கும் பொதுவான வினாத் தாள் உள்ள இடங்களில், ஆசிரியர் புதிதாக எதைக் கற்பித்தாலும் ‘இது தேர்வில் வருமா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. தன்னாட்சிக்கும் ஆபத்து உண்டு. வெளியார் பார்வை இல்லாவிடில், ஆசிரியர் தமக்குத் தெரிந்ததை மட்டும் பாடமாக்கிக் கொள்ளக் கூடும். அதனால்தான் அக்கல்லூரிகளின் பாடக் குழுக்களில் பல்கலைக் கழகத்தின் பிரதிநிதியும் வெளி வல்லுநர்களும் இடம் பெற வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது.

ஆசிரியர் பயிற்சிக்கென 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் அமைக்கப்பட்டுப் புத்தொளிப் பயிற்சிகள் நடைபெற்றன. 2023 முதல் இப்பணி மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வந்துள்ளது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் சொற்பொழிவுகளைக் கேட்டுச் சான்றிதழ் பெறுவதோடு நில்லாமல், தத்தம் துறையின் ஒரு பாடத்தை முழுமையாக எழுதி, சக ஆசிரியரின் திறனாய்வுக்கு உட்படுத்தித் திரும்பினால், அதே செலவில் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் பயன்படத்தக்க பாடங்கள் கிடைக்கும்.

2022-இல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் புதிய அமைப்பில் சேர்ந்த மாணவர்கள் 2025-இல் நான்காம் ஆண்டின் வாயிலை அடைந்தனர். ஆய்வேட்டிற்கான தலைப்பைத் தேர்ந்தெடுக்கவும், தரவுகளைத் திரட்டவும், வரைவைத் திருத்தவும் அவர்களுக்கு உள்ள காலம் இரண்டு பருவங்கள். எந்த ஆசிரியரிடம் எத்தனை மாணவர், அவருடைய வாரப் பணியில் அதற்கு எத்தனை மணி நேரம் என்பதை வகுப்புகள் தொடங்குமுன்பே கால அட்டவணையில் எழுதி வைக்கும் கல்லூரியில் அம்மாணவர் எதிர்பார்த்த வழிகாட்டுதலைப் பெறுவார். அந்தக் கட்டம் வெற்றாக விடப்பட்ட கல்லூரியில், அவர் ஆசிரியர் அறையின் வாயிலில் காத்து நிற்பார்.