அடைவுகளின் துப்புரவு

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையிற் சுட்டுச் சிமெண்டுக்குரிய கிளிங்கர்க் கட்டிகள் ஆக்குதலைப் பெரம்பலூர், அரியலூர் மாணவர் நன்கறிவர். கிளிங்கர் பாழாயின் மீண்டுஞ் சுடலாம். கல்லே பாழாயின் யாது செய்வது? கணினி நிரலும் இத்தகையதே. நாம் எழுதும் மூலநிரல் கல். அதனின்று தொகுப்பி உண்டாக்குவன கிளிங்கர். ஜாவா நிரல்களை மேவன் என்னுங் கருவியால் தொகுக்குங்கால், ஒவ்வொரு கூறினுள்ளும் ‘டார்கெட்’ என்னும் அடைவு பெருத்து வட்டினை அடைக்கும். தலைமைக் கோப்பிற் கூறுகளையெல்லாம் குறித்திருப்பின் மேவனின் ‘கிளீன்’ கட்டளை ஒன்றே போதும். அவை தனித்தனியே கிடப்பின், ஒவ்வொன்றினுள்ளும் புகுந்து துடைக்கச் சிறு கட்டளைக்கோவை எழுதல் வேண்டும்.

ஈண்டே ஆபத்துளது. 2015-ஆம் ஆண்டில், லினக்சிற்குரிய ஸ்டீம் மென்பொருளின் கட்டளைக்கோவை ஒன்றில் அடைவின் பெயரைத் தாங்கவேண்டிய மாறி வெறுமையாய்ப் போக, பயனர் சிலரின் சொந்தக் கோப்புகளே அழிந்தன. ஆதலின் மாறி வெறுமையெனின் கோவை அங்கேயே நின்றுவிடுமாறு செய்தல் வேண்டும். ‘டார்கெட்’ என்னும் பெயர் மட்டும் சான்றாகாது. அருகே மேவனின் ‘பாம்’ கோப்பு உளதா என்றும் நோக்குதல் வேண்டும். முதன்முறை எதனையும் அழிக்காது, அழியவிருக்கும் பெயர்களை மட்டும் திரையில் வரவழைத்துப் படித்தல் நன்று. சோம்பலால் இதனை விடுத்த எம்முள் ஒருவர், செய்முறைத் தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் தம் நிரலை மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார்.