அப்பாவோட பழைய செயின்சா: ரிப்பேரா, புதுசா?

ஊர்ல தோப்பு இருக்கா? போனஸ் வந்ததும், "அப்பாவோட பழைய செயின்சாவை மாத்திடலாமா?"ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

இதுவரை ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தை மறந்துடுங்க. அது திரும்ப வராது. இனி ஆகப்போற செலவை மட்டும் பாருங்க.

உதாரணத்துக்கு, ரிப்பேர் செலவு ரூ.4,000, இன்னும் 2 வருஷம் ஓடும்: வருஷத்துக்கு ரூ.2,000. புதுசு ரூ.24,000, 8 வருஷம் உழைக்கும்: வருஷத்துக்கு ரூ.3,000. ரிப்பேர்தான் லாபம். செயின், பார், ஸ்பார்க் பிளக் எல்லாம் தேயுற சாமான்தான். பிஸ்டன், சிலிண்டர் போயிருந்தா செலவு எகிறும். மறுபடி கணக்குப் போடுங்க.

ஆனா செயின் பிரேக் வேலை செய்யலையா, சரிபண்ணவும் முடியலையா? கணக்கே வேண்டாம், மாத்திடுங்க. பார் நுனி மரத்துல இடிச்சு மெஷின் முகத்துக்கு நேரா எகிறும்போது செயினை நிறுத்துறது அந்த பிரேக்தான். மெஷினைப் பிடிச்சிருக்கிறது உங்க அப்பா.