பொடிநடையாகச் சுற்றினால்தான் கும்பகோணம்!
2028-ல் மகாமகம், நடக்க வழி கிடைக்குமா?

கும்பகோணத்துக்கு வருகிறவர்களில் பலபேர் ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். காரில் வந்து இறங்கி, நாலு கோவிலில் கற்பூரம் ஒற்றிக்கொண்டு, மறுபடி காரில் ஏறிவிட்டால் ஊரைப் பார்த்ததாக ஆகுமா?

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவில் இருக்கும் பழைய ஊரை ஒரு சாயங்காலத்தில் பொடிநடையாகச் சுற்றிவிடலாம். 2021-ல் மாநகராட்சி ஆனதே தவிர, தெருவெல்லாம் அதே தெருதான்.

ரெயிலை விட்டு இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால் மகாமகக் குளம். சுற்றிலும் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை. வெயில் தாழ்ந்ததும் படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் எழுந்திருக்க வேண்டும். காபி குடிக்கவேண்டுமே! பித்தளை டபரா-டம்ளரில் நுரை பொங்க டிகிரி காபி. பசியாக இருந்தால் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சாம்பார் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை.

அடுத்தது சாரங்கபாணி கோவில். 11 நிலைக் கோபுரம். அண்ணாந்து பார்த்தபடியே சன்னதித் தெருவில் போகிறவர்கள் ஒரு சின்ன ஓட்டு வீட்டைத் தவறவிட்டு விடுவார்கள். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது! உள்ளே ஜன்னல் ஓரத்தில் ஒரு கட்டில். அவ்வளவுதான். உலகமே மூக்கில் விரல் வைத்த கணக்கெல்லாம் இந்தத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போன பையன் போட்டவை.

கோவிலுக்குப் பின்னால் பொற்றாமரைக் குளம். அதைத் தாண்டினால் கும்பேசுவரர் கோவில். நுழைவு மண்டபமே ஒரு கடைத்தெருதான். வளையல், குங்குமம், பொம்மை, பித்தளை விளக்கு. "வாங்கவேண்டாம் அம்மா, சும்மா பாருங்க" என்பார்கள். பார்த்தால் வாங்காமல் வரமுடியாது. பெரிய தெருவில் ஜவுளியும் நகையும். போகிற வழியில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி மடித்துப் போட்டுக்கொண்டால் நடை தானாக மெதுவாகிவிடும்.

மெதுவாக நடக்கத்தான் முடியவில்லை என்பது வேறு விஷயம்! கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள். அதற்கு முன்னால் தள்ளுவண்டி. அதற்கு முன்னால் ஆட்டோ. நடக்கிறவர் பஸ்சுக்கும் சாக்கடைக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. 1992 பிப்ரவரி 18-ந் தேதி மகாமகத்தன்று குளத்தருகே நெரிசலில் சிக்கிச் சுமார் 50 பேர் பலியானார்கள். 2016 மகாமகம் அப்படிப்பட்ட விபரீதம் இல்லாமல் முடிந்தது. அடுத்தது 2028 மாசியில். பல லட்சம் பேர் இதே சந்துகளில்தான் நடந்து குளத்துக்குப் போகவேண்டும்.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது நியாயம் இல்லை. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கித் தரவேண்டும். முதலில் நகரவேண்டியது நாள் பூராவும் ஒரே இடத்தில் நிற்கிற வண்டிகள். அவற்றுக்குக் கடைத்தெருவை விட்டுத் தள்ளி இடம் காட்டினால், கும்பேசுவரர் கோவிலில் இருந்து குளம் வரை கைக்குழந்தைக்காரியும் கைத்தடிக் கிழவரும் பயமில்லாமல் நடப்பார்கள். அதற்கு 2028 வரை காத்திருக்கவேண்டியது இல்லை.