காசியில் நீட்டிய இரண்டு ஏடுகள்

மும்பைத் தமிழர்களுக்கு ஆரிய சமாஜம் என்றதும் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வரும். வீட்டார் சம்மதிக்காத ஜோடிகள் மாலை மாற்றிக்கொள்ளும் இடம்! அந்தச் சமாஜம் பிறந்ததே நமது மும்பையில்தான். 1875-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி சுவாமி தயானந்த சரஸ்வதி அதைத் தொடங்கினார்.

அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு காசியில் அவர் ஒரு பெரிய வாதப்போர் நடத்தினார். சாமி, சாஸ்திரம் என்று வாக்குவாதம் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் அது.

தன்னந்தனியாக...

1869-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி. துர்க்கா குண்டத்தின் அருகே ஆனந்த பாக் என்ற தோட்டம். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் தலைமை வகித்தார். ஒரு பக்கம் விசுத்தானந்தர், பால சாஸ்திரி, தாராசரண் முதலிய பெரும் பண்டிதர்கள். மறு பக்கம் கோவணம் அணிந்த தயானந்தர் ஒருவர் மட்டும். சுற்றிலும் பெருங்கூட்டம். பேச்செல்லாம் சமஸ்கிருதத்தில்.

விக்கிரக வழிபாட்டுக்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா? இதுதான் கேள்வி.

எங்கள் ரயில்வே ஆபீசில் பயணப்படி பற்றித் தகராறு வந்தால்கூட முதலில், "எந்த சர்க்குலர்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். காசியில் அது முடிவாகாமலேயே வாதம் தொடங்கிவிட்டது. நான்கு வேத சங்கிதைகள் மட்டுமே தாமே ஆதாரம் ஆகும் என்பது தயானந்தரின் கட்சி. ஸ்மிருதி, புராணம் எல்லாம் ஆதாரமே என்பது பண்டிதர்களின் கட்சி.

மனுவை மட்டும் ஏற்பது ஏன்?

அவர்கள் தயானந்தரை எளிதில் விடவில்லை. மனு ஸ்மிருதியை அவர் ஒப்புக்கொள்கிறாரே, அதற்கு வேதத்தில் மூலம் எங்கே என்று மடக்கினார்கள். நியாயமான கேள்விதான். மனுவைப் புகழும் வாக்கியம் ஒன்றை அவர் சாமவேதப் பிராமணத்திலிருந்து எடுத்துக் காட்டினார்.

பிறகு விசுத்தானந்தர் ஒரு வேதாந்த சூத்திரத்தைச் சொல்லி, அதற்கு மூலம் கேட்டார். நூலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் தயானந்தர். எல்லாம் மனப்பாடமாக இல்லாதவர் காசிக்கு ஏன் வாதாட வந்தார் என்று கேலி எழுந்தது. மனப்பாடம் செய்தவன் ஜெயித்தான் என்றால் அது ஞாபகசக்திப் போட்டி, விவாதம் அல்ல.

பண்டிதர்கள் பக்கமும் பேச இடம் உண்டு. வேதத்தின் பல சாகைகள் மறைந்துவிட்டன. ஸ்மிருதி கூறும் விஷயத்துக்கு மூலம், மறைந்த சாகையில் இருந்திருக்கும் என்று கொள்வது மீமாம்சை மரபு. ஆனால் காணாமல் போன ஏட்டைச் சாட்சிக்கு அழைத்தால் எதிரி எப்படிக் குறுக்கு விசாரணை செய்வான்?

இருட்டில் ஒரு சாட்சி

பொழுது சாய்ந்தது. வேதத்தில் வரும் "புராணம்" என்ற சொல்லுக்குப் "பழைமையான" என்றுதான் பொருள்; அது ஒரு நூலின் பெயர் அல்ல என்று தயானந்தர் வாதாடிக்கொண்டிருந்தார். அப்போது, வேதத்தின் ஏடுகள் என்று கூறி இரண்டு ஏடுகளை அவரிடம் நீட்டினார்கள். யாகம் முடிந்து பத்தாம் நாள் புராணம் கேட்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். மங்கிய வெளிச்சத்தில் அவர் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்கள்தான். விசுத்தானந்தர் எழுந்துவிட்டார். தயானந்தர் தோற்றார் என்று கைதட்டல், கூச்சல்! சபை கலைந்தது.

அந்த ஏடு எந்த நூலைச் சேர்ந்தது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க அவகாசம் தரவில்லை. ஏடு உண்மையாகவே இருக்கட்டும். அதைப் பகலில் கொடுத்திருக்கலாமே!

இப்படி நான் எழுதுவதும் பெரும்பாலும் தயானந்தர் பக்கத்தார் வெளியிட்ட குறிப்பை வைத்துத்தான். பண்டிதர்கள் தங்களுக்கே வெற்றி என்றார்கள். காசியில் இருந்த பாதிரியார் ருடால்ஃப் ஹார்ன்லே 1870-ல் இதுபற்றி எழுதினார். அவர் மூன்றாம் மனிதர். ஆனால் விக்கிரக வணக்கத்தை எதிர்ப்பதில் அவருக்கும் ஒரு கட்சி உண்டு!

மும்பையில் சமாஜம் தொடங்கியபோது 28 விதிகள் எழுதப்பட்டன. வேதமே முதல் ஆதாரம், பிராமணங்கள், வேதாங்கங்கள் முதலியவை அதற்கு அடுத்தபடி என்று அதில் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்தி வைத்துவிட்டார்கள்.