‘ஒன்ஸ் மோர்’ முதல் ‘ஸ்கிப்’ வரை!

உங்க போன்ல எத்தனை பாட்டு இருக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. ‘எத்தனையா? எல்லாமே இருக்கு பாஸ்!’ என்பீங்க. சரி, கேள்வியை மாத்திக்குவோம். இந்த வாரம் முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரைக்கும், நடுவுல தள்ளிவிடாம கேட்ட பாட்டு எத்தனை?

யோசிச்சுக்கிட்டே இருங்க. அதுக்குள்ள தென்காசி, குற்றாலம் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். அருவியில் குளிக்க இல்லை. ஒரு பாட்டு நல்ல பாட்டுன்னு யார் முடிவு பண்றாங்க... நம்ம காதா, அதைச் சுமந்துக்கிட்டு வர்ற மெஷினா? இதுக்கு அந்த ஏரியாவில் சூப்பர் உதாரணங்கள் இருக்கு.

மைக் இல்லாத சூப்பர் ஸ்டார்

தென்காசிக்குப் பக்கத்து ஊர் செங்கோட்டை. 1906-ல் அங்கே பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. நாடக மேடையின் அந்தக் கால சூப்பர் ஸ்டார். மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் காதிலும் பாட்டு விழணும். அதனால் உச்ச ஸ்தாயியில் கணீரென்று பாடுகிறவர்தான் பாடகர். அது ரசனை மட்டும் இல்லை, தேவையும்கூட! பின்னாளில் மைக் வந்த பிறகுதான் ஏ.எம்.ராஜா மாதிரி தாலாட்டுகிற மென்குரல்கள் ஹிட் ஆக முடிந்தது. அவரே கிட்டப்பா காலத்து மேடையில் நின்றிருந்தால், மூன்றாவது வரிசை ஆசாமி ‘சத்தமாப் பாடுய்யா’ என்று கத்தியிருப்பார்.

மேடையில் ஒரு பாட்டு எவ்வளவு நேரம்? ஜனங்க முடிவு பண்ணுகிற நேரம். ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் திரும்பப் பாடணும். ஆனால் கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். கிட்டப்பாவும் அந்தத் தட்டுக்குள் அடங்கித்தான் பாட வேண்டியிருந்தது. 1933-ல், 27 வயதிலேயே போய்விட்டார். தமிழில் பேசும் படம் வந்து அப்போது இரண்டு வருஷம்தான். அவர் சினிமாவில் நடிக்கவே இல்லை.

இன்றைக்கு யூ டியூபில் தேடினால் அவர் குரல் கிடைக்கிறது. அது மெஷின் செய்த புண்ணியம். ஆனால் கிடைப்பது அந்த மூன்று நிமிஷங்கள் மட்டுமே. விடிய விடிய ‘ஒன்ஸ் மோர்’ வாங்கிய கிட்டப்பா நமக்கு இல்லை. எது பதிவாச்சோ, அதுதான் நமக்கு கிட்டப்பா!

‘துக்கடா’வுக்கு வந்த மரியாதை

மெஷின் மட்டுமா விலை போடுது? ஊர் வழக்கமும் போடும். ஒரு காலத்தில் சபா கச்சேரிகளில் தெலுங்கு, சம்ஸ்கிருதக் கீர்த்தனைகளுக்குத்தான் மெயின் இடம். தமிழ்ப் பாட்டு கடைசியில் ‘துக்கடா’வாக வரும். 1940-களில் தமிழிசை இயக்கம் கிளம்பி இதைத் தட்டிக் கேட்டது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், கல்கி ஆகியோரோடு முன்னணியில் நின்றவர் ‘ரசிகமணி’ டி.கே.சி. கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே தங்கி, 1954-ல் அங்கேயே மறைந்தவர்.

கவனிச்சீங்களா? பாட்டு அதே பாட்டுதான். ‘இதையும் நடுவுல வெச்சுப் பாடுங்க’ என்று சிலர் உரக்கச் சொன்னதும் மரியாதை மாறியது.

மந்திரிக்குப் பிடிக்கலை!

அடுத்த உதாரணம் ரேடியோ. 1952-ல் மத்திய மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டு என்றால் மட்டம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமா பாட்டு காணாமல் போனது. ஜனங்க சும்மா இருந்தாங்களா? அலைவரிசையை இலங்கைப் பக்கம் திருப்பிட்டாங்க! கடல் தாண்டி வந்த ரேடியோ சிலோன் நம்ம தென் மாவட்டங்களில் வீட்டுச் சொத்து மாதிரி ஆனது. வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கியது. மேலே இருந்து ‘இது மட்டமான இசை’ என்று முத்திரை குத்தினாலும், ரசிகன் நினைத்தால் குமிழைத் திருப்பிவிடுவான் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

பன்னிரண்டு பாட்டுக்கு ஒரு பேப்பர்

உங்க அப்பா, சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. 60 நிமிஷ கேசட் வாங்கி, பிடித்த பாட்டை எல்லாம் பேப்பரில் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துட்டு வருவாங்க. மொத்தமே பன்னிரண்டு பாட்டுக்குத்தான் இடம். பதின்மூன்றாவது பாட்டு வேணும்னா எதையாவது அடிக்கணும். அந்த அடித்தல் திருத்தலில்தான் ரசனையே பிடிபடும்!

பிறகு எம்பி3 சி.டி. வந்தது. ஒரே தட்டில் நூற்று நாற்பது பாட்டு அடங்கும். அடிக்க வேண்டிய அவசியம் போச்சு. இப்போ போனில் இடம் என்கிற கவலையே போச்சு.

30 செகண்ட் ராஜ்யம்

இப்போ கடைசி மெஷினுக்கு வருவோம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 செகண்ட் ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் ஆரம்பத்திலேயே ஆளைப் பிடிச்சாகணும் என்கிற நெருக்கடி. அன்றைக்குக் கடைசி வரிசை கேட்கணும், இன்றைக்கு முதல் 30 செகண்ட் நிற்கணும். இன்னொரு கணக்கும் இருக்கு. 2024-லிருந்து, கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது.

இந்தக் கணக்கைக் கையில் வெச்சுக்கிட்டு நம்ம ஊர் கோயில் கொடைக்கு வாங்க. வில்லுப்பாட்டு நடக்குது. பக்கத்து ஊரில் கணியான் கூத்து, மகுடம் அதிருது. ராத்திரி ஆரம்பித்த சுடலைமாடன் கதை விடியும் வரை போகும். இங்கே பாட்டு ஜெயிச்சதா இல்லையா என்பதற்கு அடையாளம் வேற. கதை சரியான கட்டத்துக்கு வரும்போது சாமியாடிக்கு அருள் வரணும். வியூஸ் கிடையாது, லைக்ஸ் கிடையாது. 30 செகண்டில் வெட்டினால் சாமி எப்படி வரும்?

ஆபத்து இங்கேதான். கணக்கில் வராத இசையை மட்டமான இசைன்னு நாம நினைக்க ஆரம்பிச்சா, கலைஞர்களின் பிள்ளைகளும் அப்படியே நினைப்பாங்க. அப்புறம் மகுடத்தைத் தொட ஆள் இருக்காது. கிட்டப்பாவுக்காவது மூன்று நிமிஷம் மிஞ்சியது!

அதுக்காகப் போனைத் தூக்கிப் போடச் சொல்லலை மக்கா. அதே போன்லதான் கிட்டப்பாவும் இருக்கார். ஆனா, நம்ம தேடாம அவர் வரமாட்டார். ‘அடுத்த பாட்டு’ன்னு மெஷின் நீட்டுற வரிசையில் நாம ஏற்கெனவே கேட்ட மாதிரிப் பாட்டுதான் முதல்ல நிற்கும். அதுக்கு நம்ம பழக்கம் தெரியும். ரசனையை வளர்க்க வேண்டியது நாமதான்.

ஒரு சின்ன கேம். ஒரு பேப்பர் எடுங்க. 60 நிமிஷ கேசட், பன்னிரண்டு பாட்டு, உங்க பெஸ்ட் ஃப்ரெண்டுக்குக் கொடுக்கணும். எதை எழுதுவீங்க, எதை அடிப்பீங்க? ஒரே ஒரு கண்டிஷன்... அதுல ஒரு பாட்டாவது உங்க ஊர்ல நேர்ல கேட்டதா இருக்கணும்.

பேப்பர் காலியாவே இருக்கா? கவலைப்படாதீங்க. கொடை வருது, போய்க் கேட்டுட்டு வந்து எழுதுங்க!