குன்றில் விழும் மழை எங்கே போகிறது?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு நீங்கள் சுற்றுலா சென்றிருக்கலாம். அறிவர் கோயில் விதானத்தில் தீட்டியுள்ள தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மீனும் வாத்தும் யானையும் எருமையும் அதில் உண்டு. அடுத்த முறை செல்லும்போது குன்றின் அடிவாரத்தையும் சற்றுக் கவனியுங்கள்.

குன்று பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழைநீரை உறிஞ்ச அங்கே மண் ஏது? ஒரு ஹெக்டேர் பாறைமேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 லட்சம் லிட்டர் நீர்! அதில் பெரும்பகுதி நேரே கீழே ஓடிவருகிறது.

ஓடும் நீருக்கு ஒரு விசித்திர குணம். வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறத்தாழ 64 மடங்கு ஆகிறது. (வேகத்தின் ஆறாம் படி; ஆறு இரண்டுகளைப் பெருக்கிப் பாருங்கள்.) ஆகவே சரிவான செம்மண் நிலத்தை மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதை இழக்கச் சில கனமழைகள் போதும்.

எனவே ஓடிவரும் நீரை நடக்க வைக்கவேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்துச் சமமட்ட வரப்பு எடுப்பதும் இதற்காகவே. நீலகிரி போன்ற செங்குத்தான சரிவுகளில் இது போதாது; படிக்கட்டு வயல்கள் வேண்டும். உதகமண்டலத்தில் 1954இல் தொடங்கப்பட்ட மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம், உருளைக்கிழங்கு நிலங்களில் இம்முறையை ஆராய்ந்தது.

எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் மண் கீழே வரத்தான் செய்யும். அது குளத்தில் படிந்தால்? புதுக்கோட்டை வட்டாரத்துப் பழங்குளங்களில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அதுதான் குமிழித் தூம்பு. மேலே உள்ள பெரிய துளை நீரோடி. கீழே தரையை ஒட்டிய சிறு துளைகள் சேறோடி. அடைப்பைத் தூக்கியதும் நீர் பாயும் வேகத்தில் சேறும் இழுக்கப்பட்டு, கலங்கல் நீராக வயலுக்குப் போய்விடுகிறது!

முன்னோர் இதிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டனர் என்று பெருமை பேசுவது எளிது. தூம்பு தன் அருகிலுள்ள சேற்றைத்தான் இழுக்கும். மற்ற வண்டலை ஆள் இறங்கித்தான் வெட்டவேண்டும். வெட்டிய வண்டலை வயலில் இட்டால் அது நல்ல உரம். களிமண் துகள்கள் மணற்பாங்கான செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் வண்டலுக்கு அடியில் நீர் கசியாமல் காக்கும் இறுகிய களிமண் படுகையையும் சேர்த்துத் தோண்டிவிட்டால், அடுத்த மழையில் நிரம்பும் குளம் சீக்கிரமே வற்றிவிடும்.