காகிதம் சொல்லாத வேகம்

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் ஓர் ஆங்கிலேயர் காய்ச்சலில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்திருந்த பெஞ்சமின் ராபின்ஸ்தான் அவர். பறக்கும் குண்டின் வேகத்தை நம்பத்தக்க வகையில் அளக்க வழிகண்டவர்.

1742இல் வெளியான அவருடைய நூலில் அந்த வழி இருக்கிறது. 56 பவுண்டு எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மரப்பலகையில் சுட்டார். குண்டு மரத்தில் புதைய, ஊசல் பின்னால் ஆடியது. கூடவே இழுபட்ட நாடா, ஆட்டத்தின் அளவைச் சொன்னது. குண்டின் உந்தம் ஊசலுக்குப் போய்ச் சேர்வதால், அந்த அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிட முடிந்தது. மஸ்கட் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்ந்தது. அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு, குண்டின் எடையைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு! அதுவரை பீரங்கிக் கணக்குப் போட்ட பலர் காற்றைப் பொருட்படுத்தியதே இல்லை. மாபெரும் கணிதமேதை ஆய்லரே 1745இல் இந்நூலை ஜெர்மனில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் பொருத்தித் தாங்களே தோட்டா செய்துகொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் பரவலானது. அப்படிச் செய்பவர்கள் கையில் இருக்கும் குரோனோகிராஃப் என்ற வேகமளக்கும் கருவி, ராபின்ஸ் ஊசலின் வாரிசு. இரண்டு ஒளி உணரிகளைக் குண்டு கடக்கும் நேர இடைவெளியை அது அளக்கிறது. புதியவை டாப்ளர் ரேடாரில் இயங்குகின்றன. இதற்கு எதற்குச் செலவு, காகித இலக்கில் துளைகள் நெருங்கி விழுந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு.

போதாது. நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் இரு குண்டுகளுக்குள் 9 மீட்டர் வித்தியாசம் இருக்கட்டும். 100 கெஜத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. துளையின் அகலத்துக்குள்ளேயே மறைந்துவிடும். 1,000 கெஜத்திலோ சுமார் கால் மீட்டர்.

கிட்டத்தில் மட்டும் சுடுபவருக்கும் பொருந்தும், எனக்கு முக்கியமாகப் படும் காரணம் ஒன்று உண்டு: பாதுகாப்பு. வெடிமருந்துத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்வதைவிட வேகம் கூடுதலாக வந்தால், குழலுக்குள் அழுத்தமும் கூடியிருக்க வாய்ப்புண்டு. குழலின் நீளமும் வேகத்தை மாற்றும் என்பது உண்மை. ஆனாலும் அட்டவணையை மீறிய எண்ணைப் பார்த்த உடனே சுடுவதை நிறுத்த வேண்டும்.

கருவி வாங்கியவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ஐந்து முறை சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு, நொடிக்கு 3 மீட்டர் என்று வந்ததும் மகிழ்ந்துபோகிறார்கள். புள்ளியியல்படி அதன் உண்மை அளவு 2 மீட்டருக்குச் சற்றுக் கீழிருந்து கிட்டத்தட்ட 9 மீட்டர் வரை எங்கும் இருக்கலாம். முப்பது முறை சுட்டால் அந்த எல்லை 2.4 முதல் 4 மீட்டருக்குள் சுருங்கிவிடும்.